299 டாலர்: செகா இரண்டு முறை தோற்ற கதை

இன்னைக்கு நாம பேசப்போறது வீடியோ கேம் கன்சோல்களோட விலைப் போர் பத்தி. குறிப்பா ஜப்பானைச் சேர்ந்த செகா கம்பெனி பத்தி. ஏன் செகான்னா, ஒரே போட்டியாளர்கிட்ட ஆறு வருஷத்துக்குள்ள ரெண்டு தடவை தோற்ற கம்பெனி அது. முதல் தடவை போட்டியாளரைவிட அதிக விலை வெச்சுத் தோற்றது. ரெண்டாவது தடவை குறைஞ்ச விலை வெச்சும் தோற்றது. அப்போ விலை எந்த இடத்துல வேலை செய்யுது, எந்த இடத்துல செய்யறதில்லைங்கிறதுதான் கேள்வி.

அதுக்கு முன்னாடி இந்தத் தொழில்ல பணம் எங்கிருந்து வருதுன்னு பார்த்துடுவோம். பிரிண்டர் வாங்கியிருப்பீங்க. பிரிண்டர் மலிவா கிடைக்கும். அப்புறம் இங்க் கார்ட்ரிட்ஜ் வாங்கும்போதுதான் கை சுடும். கன்சோலும் அந்த மாதிரிதான். பெட்டியைச் சில சமயம் அடக்க விலைக்கும் கீழே விற்பாங்க. அதுல ஓடுற ஒவ்வொரு கேமுக்கும், அதைத் தயாரிக்கிற ஸ்டூடியோ கன்சோல் கம்பெனிக்கு ராயல்டி கட்டணும். லாபம் அங்கேதான் இருக்கு.

இப்போ 1995 மே மாசத்துக்குப் போவோம். லாஸ் ஏஞ்சலஸ்ல முதல் இ3 கண்காட்சி. செகாவோட புது கன்சோல் சாட்டர்ன், அமெரிக்காவில் செப்டம்பரில் வர வேண்டியது. சோனியின் பிளேஸ்டேஷனும் அதே செப்டம்பரில் வருது. செகா முந்திக்க நினைச்சது. மேடையில ஏறி, "சாட்டர்ன் இன்னைக்கே கடைகள்ல கிடைக்கும், விலை 399 டாலர்" என்று அறிவிச்சுட்டாங்க. அதே நாள் சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் ரேஸ் என்ற அதிகாரி மேடைக்கு வந்து "299" என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிட்டு இறங்கிட்டார். அரங்கமே கைதட்டியது.

செகாவால உடனே 100 டாலர் குறைக்க முடியலை. காரணம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சாட்டர்ன்ல ரெண்டு முக்கிய பிராசஸர், ரெண்டு வீடியோ சிப். தயாரிப்புச் செலவும் அதிகம், அதுக்கு கேம் எழுதுறதும் கஷ்டம். சோனி ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. பல பாகங்களைத் தானே தயாரிக்க முடியும். அக்டோபரில் செகாவும் 299-க்கு இறங்கி வந்தது. 1996-ல் சோனி 199-க்குப் போனபோது செகாவும் பின்னாடியே போச்சு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் நஷ்டம்.

அவசரமா வெளியிட்டதால இன்னொரு சிக்கலும் வந்தது. மற்ற ஸ்டூடியோக்கள் செப்டம்பரைக் கணக்கு வெச்சு வேலை பார்த்துட்டு இருந்தாங்க, அதனால ஆரம்ப மாதங்கள்ல விளையாட கேமே குறைவு. முதல்ல சரக்கு கிடைக்காத கடைக்காரங்களுக்கும் கோபம். கடைசியில பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. சாட்டர்ன் ஒரு கோடியைக்கூடத் தொடலை.

செகா இதுல பாடம் கத்துக்கிச்சு. அடுத்த கன்சோல் ட்ரீம்காஸ்ட்டை எளிமையான வடிவமைப்போட, 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெறும் 199 டாலருக்கு இறக்கினாங்க. முதல் நாளிலேயே 2 லட்சத்துக்கு மேல் விற்றது. சோனியின் பிளேஸ்டேஷன் 2 அங்கே வந்தது 2000 அக்டோபரில், விலை 299. அதாவது செகாவுக்கு ஒரு வருஷம் முன்னிலை, 100 டாலர் விலை வித்தியாசம். 1995-ல் சோனி எந்த 100 டாலரை வெச்சு அடிச்சதோ, அதே 100 டாலர் இப்போ செகா பக்கம்.

இருந்தும் மக்கள் காத்திருந்தாங்க. பிளேஸ்டேஷன் 2-ல டிவிடி படம் பார்க்கலாம். அப்போ தனியா டிவிடி பிளேயர் வாங்குறதே பெரிய செலவு. பழைய பிளேஸ்டேஷன் கேம்களும் அதுல ஓடும். அப்போ வாங்குறவர் மனக்கணக்குல 299 டாலர் பெட்டிதான் மலிவு! இன்னொரு பக்கம், ஃபுட்பால், பேஸ்கட்பால் கேம்களுக்குப் பேர்போன எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ட்ரீம்காஸ்ட்டுக்கு ஒரு கேம்கூட செய்யலை. சாட்டர்னை நம்பிக் காசு போட்டு ஏமாந்த ரசிகர்களுக்கும் தயக்கம் இருந்தது. அதோட, காப்பி பண்ணின சிடிகளை எந்த மாற்றமும் செய்யாமலே ட்ரீம்காஸ்ட்டில் ஓட்டும் வழியை 2000-ல் ஹேக்கர்கள் கண்டுபிடிச்சுட்டாங்க. பெட்டியை மலிவா விற்று கேமில் சம்பாதிக்கிற தொழில்ல இதைவிடப் பெரிய அடி வேற என்ன இருக்கு?

செகா விலையை 149-க்குக் குறைச்சது. 2001 ஜனவரி 31 அன்று, மார்ச்சோட உற்பத்தியை நிறுத்துறோம்னு அறிவிச்சது. செகாவின் தலைவர் இசாவோ ஒகாவா, கம்பெனி தனக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி செஞ்சு, சுமார் 70 கோடி டாலர் மதிப்புள்ள தன் சொந்தப் பங்குகளையும் கம்பெனிக்கே கொடுத்தார். அதே மார்ச்சில் அவர் காலமானார். செகா இன்னைக்கும் இருக்குன்னா அந்தப் பணம் ஒரு முக்கியக் காரணம். அந்த வருஷ டிசம்பரிலேயே சோனிக் கேம், பரம எதிரியான நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸில் வெளியாச்சு.

இங்கே ஒரு வேடிக்கை. 2006-ல் சோனியே அந்தப் பழைய செகா தவறைச் செய்தது. பிளேஸ்டேஷன் 3-க்கு 499, 599 டாலர்னு விலை வெச்சாங்க. நிண்டெண்டோ வீ 249.99 டாலர்தான். ஆனா சோனிக்கு டிவி, கேமரா, சினிமான்னு வேற தொழில்கள் இருந்தது, ஸ்டூடியோக்களும் கைவிடலை. 2009-ல் 299-க்கு இறங்கி வரும்வரை தாக்குப்பிடிக்க முடிஞ்சது. செகாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கலை.

அதனால ஒரு புது கன்சோலோட விலையைக் கேட்கும்போது கூடவே ரெண்டு விஷயத்தையும் பாருங்க: அதுக்கு யாரெல்லாம் கேம் செய்யறாங்க, நஷ்டத்தை அந்தக் கம்பெனி எத்தனை வருஷம் தாங்கும். சாட்டர்ன் ரெண்டிலுமே தோற்றது. ட்ரீம்காஸ்ட்டுக்கு நல்ல கேம்கள் இருந்தது, ஆனா பின்னால தாங்கிப் பிடிக்கப் பணம் இல்லை.

உங்க வீட்டுல முதல்ல வந்த கன்சோல் எது, விலையைப் பார்த்து வாங்கினீங்களா, கேமைப் பார்த்து வாங்கினீங்களா? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.