ஆங்கில வகுப்பின் நாள் பாடத்திட்டம்: நன்னூல் காட்டும் அளவு



தமிழுக்கென அமைந்த மேடையில் ஆங்கில வகுப்பின் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் கருத்து. மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் நாளில், பயிற்றுமொழி தமிழிலிருந்து மலாய்க்கு மாறுகிறது. ஆங்கில வகுப்பிலோ, வெவ்வேறு பள்ளிகளிலிருந்து வந்த புதிய முகங்களுக்கு நடுவே அப்பிள்ளை அமர்கிறது. மூன்று மொழிகளைச் சுமந்து வரும் அப்பிள்ளை, வாய் திறக்க அஞ்சிப் பின்வரிசையில் மௌனமாகிவிடுவதை நாம் பல பள்ளிகளில் காண்கிறோம். அந்த மௌனம் நீடிக்குமா, கலையுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, ஆசிரியர் முந்திய நாள் எழுதிவைக்கும் நாள் பாடத்திட்டமே. ஆகவே இது நம் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு.

நாள் பாடத்திட்டத்தின் வடிவம் ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. நாள், நேரம், வகுப்பு, தலைப்பு, உள்ளடக்கத் தரம், கற்றல் தரம், நோக்கம், வெற்றிக்கூறு, பீடிகை, நடவடிக்கைகள், பயிற்றுத்துணைப் பொருள்கள், மதிப்பீடு, சிந்தனை மீட்சி எனக் கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. கட்டங்கள் தேவையானவையே. ஆயினும், எல்லாக் கட்டங்களும் நிரம்பிய ஒரு திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வினாவைக் கேட்டுப் பார்ப்போம்: இந்த வகுப்பில் மாணவர் பேசப்போகும் வாக்கியம் எது? பல திட்டங்களில் இதற்கு விடை கிடைப்பதில்லை. 'ஆசிரியர் விளக்குவார், ஆசிரியர் படத்தைக் காட்டுவார், ஆசிரியர் வினா எழுப்புவார்' என்றே வரிகள் ஓடுகின்றன.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ப் டைலர் 1949இல் வெளியிட்ட கலைத்திட்ட நூலில் இதனைத் தெளிவாகச் சுட்டினார். ஆசிரியர் என்ன செய்வார் என்பது நோக்கமாகாது. மாணவரிடம் என்ன மாற்றம் நிகழும் என்பதே நோக்கம் என்றார். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்தகுதிச் சட்டகமும் ஆறு நிலைகளையும் இதே முறையில்தான் விளக்குகிறது. கற்பவர் இம்மொழியைக் கொண்டு எதைச் செய்ய வல்லவர் என்று ஒவ்வொரு நிலைக்கும் அது விடை கூறுகிறது. மலேசிய ஆங்கிலக் கலைத்திட்டம் அச்சட்டகத்தைத் தழுவியதே. 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வில் வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்கள் உள்ளன. பேச்சு தனித் தாளாகவே நிற்கும்போது, ஐந்தாண்டு மௌனமாக இருந்த மாணவர் இறுதியாண்டில் திடீரென்று பேசிவிட முடியுமா?

இவ்விடத்தில் நாம் பவணந்தி முனிவரை நாடுகிறோம். 13ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய நன்னூல் எழுத்தையும் சொல்லையும் இலக்கணப்படுத்துகிறது. ஆயின், இலக்கணத்திற்குள் புகுமுன் அதன் பொதுப்பாயிரம், நூல், ஆசிரியர், பாடஞ்சொல்லல், மாணாக்கர், பாடங்கேட்டல் என்னும் ஐந்தையும் பேசுகிறது. பாடஞ்சொல்லும் ஆசிரியர் காலத்தையும் இடத்தையும் நோக்கவேண்டும். கற்பவர் ஏற்றுக்கொள்ளும் வகையை அறிந்து கற்பிக்கவேண்டும் என்பது அதன் கருத்து. மேலும் ஓர் அளவையும் அது வகுத்துத் தருகிறது. ஆசிரியர் சொன்னதை மாணவர் நன்றாக மனத்திற் கொண்டாலும் கல்வியில் காற்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு வரும். தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்கிறது.

இந்த அளவை 60 நிமிட ஆங்கில வகுப்பின்மேல் வைத்துப் பார்ப்போம். ஆசிரியருக்கு 15 நிமிடம். உடன் பயில்வாருக்கு 15 நிமிடம். மாணவர் எடுத்துரைப்பதற்கு 30 நிமிடம். இதற்கு மாறாக, 30 மாணவர் உள்ள வகுப்பில் ஆசிரியரே 40 நிமிடம் பேசினால் எஞ்சுவது 20 நிமிடம். அதனை ஒருவர்பின் ஒருவராகப் பகிர்ந்தால் தலைக்கு 40 நொடியே வரும். அதே மாணவரை இருவர் இருவராக அமர்த்திப் பேசவிட்டால், பத்தே நிமிடத்தில் ஒவ்வொருவர்க்கும் ஐந்து நிமிடம் கிடைக்கிறது. இவ்வகை நேரக் கணக்கைத்தான் திட்டம் எழுதும் ஆசிரியர் முதலில் போட்டுப் பார்க்கவேண்டும்.

அடுத்து, வகுப்பில் அமர்ந்திருப்போர் யார் என்பதை நோக்குவோம். இரண்டாம் படிவ வகுப்பொன்றில் தமிழ், மலாய், சீனம் பேசும் பிள்ளைகள் கலந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். பாடம், ஒருவரைச் சுட்டி விளக்கும் 'ஹூ' என்னும் இணைப்புச் சொல். தமிழில் 'மீன் விற்கும் பெண்' என்கிறோம். 'விற்கும்' என்னும் பெயரெச்சம் பெயருக்கு முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தி வுமன் ஹூ செல்ஸ் ஃபிஷ்' என்று பெண் முதலில் வந்துவிடுகிறாள்; விளக்கம் பின்னே தொடர்கிறது. தமிழ்ப்பிள்ளை தடுமாறும் இடம் இதுவே. சீனத்திலும் விளக்கம் பெயருக்கு முன்னே வருவதால், சீனப்பிள்ளையும் இங்கே தடுமாறக்கூடும். மலாய்மொழியிலோ 'பெரம்புவான் யாங் மெஞ்சுவால் ஈக்கான்' என்பர். 'யாங்' நிற்கும் இடமும் ஆங்கில 'ஹூ' நிற்கும் இடமும் ஒன்றே. மலாய்ப்பிள்ளைக்கு இவ்வமைப்பு தாய்மொழி வழியே பழகியது. மலாய் கற்ற தமிழ்ப்பிள்ளைக்கும் சீனப்பிள்ளைக்கும் பாலம் ஏற்கெனவே கட்டப்பட்டுள்ளது. அதைச் சுட்டிக்காட்ட ஒருவர் வேண்டும், அவ்வளவே.

வினைமுற்றில் நிலைமை வேறு. 'அவள் விற்கிறாள்', 'அவர்கள் விற்கிறார்கள்' என எழுவாய்க்கேற்ப வினை மாறுவதைத் தமிழ்ப்பிள்ளை பேசத் தொடங்கிய நாள்முதல் அறியும். மலாயிலும் சீனத்திலும் வினை அவ்வாறு மாறுவதில்லை. 'செல்' என்பது 'செல்ஸ்' ஆவதன் காரணத்தைத் தோழர்களுக்கு விளக்க வல்லவர் தமிழ்ப்பிள்ளையே. மும்மொழிச் சுமை என்று நாம் எண்ணியது, திட்டமிடும் ஆசிரியர் கையில் முதலாகிவிடுகிறது. பின்வரிசைப் பிள்ளைக்கு அன்று வகுப்பில் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது.

இனி அந்த 60 நிமிடத்தை வகுப்போம். நோக்கம் ஒன்றே: வகுப்பு முடியும்போது ஒவ்வொரு மாணவரும் தம் வட்டாரத்து மனிதர் மூவரை, ஆளுக்கொரு வாக்கியத்தால், 'ஹூ' அமைத்துச் சுட்டிப் பேசுவர், அவற்றுள் இரண்டை எழுதுவர். இந்நோக்கத்தைக் கண்ணாற் காணலாம், காதாற் கேட்கலாம். 'மாணவர் இணைப்புச் சொல்லைப் புரிந்துகொள்வர்' என்று எழுதியிருந்தால், புரிந்ததா இல்லையா என்பதை எவ்வாறு அறிவது?

முதல் ஐந்து நிமிடம் பீடிகை. மலாய் வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் வெண்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒப்புமையை மாணவரே கண்டுபிடிக்கச் செய்யலாம். ஆங்கில வகுப்பில் பிறமொழி நுழையலாமா என்னும் ஐயம் எழலாம். ஐந்து நிமிட ஒப்பீடு ஐம்பத்தைந்து நிமிட ஆங்கிலத்திற்கு வழி திறக்குமாயின், அது ஆங்கிலத்திற்குச் செய்யும் உதவியே. அடுத்த பத்து நிமிடத்தில், சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக் விற்பவர், வாயிற்காவலர், பேருந்து ஓட்டுநர் எனப் பள்ளியைச் சுற்றியுள்ளோரைப் பற்றி ஆசிரியர் நான்கு வாக்கியங்களைச் சொல்லிக் காட்டுகிறார். ஆசிரியரின் காற்பங்கு இத்துடன் நிறைவுறுகிறது.

பின்வரும் 15 நிமிடம் தோழர்களுக்கு உரியது. மூவர் மூவராக அமர்ந்து, இரண்டாக வெட்டப்பட்ட வாக்கியச் சீட்டுகளைப் பொருத்துகிறார்கள். இயன்றவரை ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு தாய்மொழியினர் இடம்பெறுமாறு பெயர்களைத் திட்டத்திலேயே எழுதிவைத்தல் நலம். வகுப்பில் நின்றுகொண்டு குழு பிரிப்பதில் பொன்னான நிமிடங்கள் கரைந்துவிடுகின்றன.

எஞ்சிய 30 நிமிடம் எடுத்துரைப்பதற்கு. ஒவ்வொருவரும் தம் ஊரார் அறிந்த ஒருவரைப் பெயர் சொல்லாமல் விளக்க, எதிரில் அமர்ந்தவர் யாரென்று கண்டுபிடிக்கிறார். மும்முறை இணை மாறுகிறது. ஒரே விளக்கத்தை மூன்றாம் முறை சொல்லும்போது நா தயங்குவதில்லை. அவை முன் எழுந்து பேச அஞ்சும் பிள்ளைக்கும் ஒருவர் முன் பேசும் துணிவு வரும். இதற்கு 20 நிமிடம். இறுதிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் இரண்டு வாக்கியங்களைச் சிறு தாளில் எழுதி ஆசிரியரிடம் தந்துவிட்டுச் செல்கிறார்கள்.

ஆயினும் பள்ளி வாழ்க்கையில் 60 நிமிடம் எப்போதும் 60 நிமிடமாக இருப்பதில்லை. சபைகூடல் நீள்கிறது, விளையாட்டுப் போட்டிக்கான ஒத்திகை குறுக்கிடுகிறது, வகுப்பு 35 நிமிடமாகக் குறுகிவிடுகிறது. அப்போது பொதுவாக நிகழ்வது யாது? ஆசிரியரின் விளக்கம் முழுமையாக நடந்தேறுகிறது. மாணவரின் பேச்சு 'நாளை' என்று தள்ளிப்போகிறது. ஆதலால், நேரம் குறைந்தால் எதனை விடுவது என்பதையும் முன்கூட்டியே திட்டத்தில் குறித்துவைக்க வேண்டுகிறோம். மேற்சொன்ன பாடத்தில் விளக்கத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கலாம். சீட்டுப் பொருத்தும் பகுதியை விட்டுவிடலாம். இணைப் பேச்சுக்கு 15 நிமிடமும் எழுதுவதற்குப் பத்து நிமிடமும் அப்போதும் நிற்கும். மாணவரின் பங்கை இறுதிவரை காத்தல் வேண்டும்.

வகுப்பு முடிந்தபின் நிரப்பப்படுவது சிந்தனை மீட்சி. '30 மாணவரில் 25 பேர் நோக்கத்தை அடைந்தனர்' என்னும் வரி நம் அனைவர்க்கும் பழக்கமானது. அந்த ஐவர் யாவர்? அவர்கள் எதில் தவறினர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை இருந்தால்தான் அது மீட்சி. மாணவர் தந்த 30 தாள்களையும் தாளுக்கு அரை நிமிடமாகப் படித்தால் 15 நிமிடம் ஆகும். அவற்றை அடுக்குகளாகப் பிரிக்கலாம்: சரியாக எழுதியவை, 'ஹூ' விடுபட்டவை, 'தி மேன் ஹூ ஹி ட்ரைவ்ஸ்' என்றாற்போல் மிகையான பெயர்ச்சொல் நுழைந்தவை, வினையின் ஈற்றெழுத்து தவறியவை. பிழையுள்ளவற்றுள் உயர்ந்து நிற்கும் அடுக்கே மறுநாள் பீடிகை. மூன்றாம் படிவ மாணவருக்கான பி.டி.3 தேர்வு 2022இல் கைவிடப்பட்ட பின்னர், வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு மிகுந்துள்ளது. அம்மதிப்பீட்டுக்கு இத்தகைய சிறு தாள்களைவிட நம்பகமான சான்று வேறென்ன?

மீண்டும் மீண்டும் கேட்பதால் பிழை நீங்கும் என்று நன்னூல் சொல்கிறது. ஜெர்மானிய உளவியலார் எபிங்காஸ் 1885இல் தம்மையே சோதித்து எழுதிய நூலில், கற்றது தொடக்கத்தில்தான் மிக விரைவாக மறக்கிறது என்று காட்டினார். ஆகவே இன்று கற்ற 'ஹூ' நாளையும், அடுத்த வாரமும், அதற்கடுத்த மாதமும் சில நிமிடங்களேனும் மீண்டும் வரவேண்டும். திட்டப் புத்தகத்தின் ஓரத்தில் திரும்ப வரவேண்டிய நாளைக் குறித்துவைத்தால் போதும்.

இவ்வளவும் செய்ய நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. நாளொன்றுக்கு நான்கைந்து வகுப்புகள், புறப்பாட நடவடிக்கை, கணினிப் பதிவு என அவர்கள் சுமக்கும் பணி பெரிது. எல்லா வகுப்புக்கும் இவ்வாறு எழுத இயலாவிடினும், வாரத்திற்கு ஒரு வகுப்பை இம்முறையில் திட்டமிட்டுப் பார்க்கலாம். ஒரே படிவத்திற்குக் கற்பிக்கும் இருவர் சேர்ந்து எழுதினால் உழைப்பு பாதியாகும். பிறர் எழுதிய திட்டத்தை எடுத்தாள்வதிலும் குற்றமில்லை. ஆனால் நோக்கத்தையும் பீடிகையையும் மட்டுமேனும் தம் மாணவரின் தாள்களைப் பார்த்து எழுதுதல் வேண்டும். அத்தாள்களை அறிந்தவர் அவ்வகுப்பின் ஆசிரியர் ஒருவரே.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். நன்னூல் வகுத்த அரைப்பங்கு உங்களுடையது. ஆசிரியர் எத்துணைச் சிறந்த திட்டத்தோடு வந்தாலும் அந்தப் பங்கை உங்களுக்காக வேறு எவரும் நிரப்ப இயலாது. இன்று கற்ற வாக்கியத்தை வீடு திரும்பியதும் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிக்கொடுங்கள். பிழைபடச் சொன்னாலும் சொல்லுங்கள். பிழை வெளியே வந்தால்தான் திருத்தமுடியும்.

ஆசிரியர்களே, நாளைய திட்டத்தை இன்றிரவு எழுத அமரும்போது, 'ஆசிரியர்' எனத் தொடங்கும் வரிகளையும் 'மாணவர்' எனத் தொடங்கும் வரிகளையும் எண்ணிப் பாருங்கள். முன்னது மிகுந்திருந்தால் இரண்டொரு வரிகளை மாற்றி எழுதுங்கள். பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கும் பிள்ளை பேசப்போகும் வாக்கியத்தை அத்திட்டத்தில் எழுதிவையுங்கள்.