நன்றியுரையில் விடுபட்ட பெயர்

(வட்டார அளவிலான ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நன்றியுரை சொன்னவள் நான். ஊர்ப் பெரியவர்கள் முதல் பந்தல் போட்டவர், மைக் செட் அண்ணன் வரை அனைவருக்கும் நன்றி சொன்னேன். ஒருவரை மட்டும் விட்டுவிட்டேன். அவர் எங்கள் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கியவரும் அவர்தான்.

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் இத்திட்டம் தொடங்கியதை அறிவீர்கள். தொடங்கியபோது மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வகுக்கப்பட்டிருந்தது. வகுப்பு நடந்த நாள் ஒன்றுக்குச் சுமார் 50 ரூபாய்தான். பணத்துக்காக யாரும் இதைச் செய்யவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை நம்பி ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் படிக்கிறார்கள். அப்படி ஒரு சிறுமி என் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். வாயே திறக்கமாட்டாள். ‘எண்கள் தெரியவில்லை’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

ஒரு நாள் அந்தத் தன்னார்வலர், “அவ நல்லா எண்ணுவா டீச்சர், அவங்க பாஷையில” என்றார். அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பார்த்தேன். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி ஒடியாவில் 50 வரை எண்ணினாள் அந்தக் குழந்தை. தன்னார்வலருக்கு ஒடியா தெரியாது. குழந்தையின் அம்மாவிடம் கேட்டு, அந்த எண்ணுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருந்தார். 18 ஆண்டு அனுபவமுள்ள எனக்கு இது தோன்றவில்லை.

இது நடந்து மூன்றே மாதத்தில்தான் அந்த ஆண்டு விழா!

மறுநாள் வருத்தம் தெரிவிக்கப் போனேன். “அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், ஒரு கரும்பலகை கிடைக்குமா?” என்றார். நான்கு மாதமாகச் சுவரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். மாதம் ஒருமுறையாவது தன்னார்வலரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்துப் பேச வையுங்கள். அவருக்கு என்ன தேவை என்று விசாரியுங்கள். விழா வேலைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். பொன்னாடை அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அந்தச் சிறுமியின் பதிவேட்டுக் குறிப்பை நான் திருத்திவிட்டேன். இந்த ஆண்டு நன்றியுரையில் முதல் பெயர் யாருடையது என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.