தொலைநிலைக் கல்வி: நன்மையும் குறையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



‘தூர நில்’ என்னும் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த சமுதாயம் நம்முடையது. ஆகவே, தொலைவிலிருந்து கற்கும் கல்வி நம்மை உயர்த்துமா, மீண்டும் தூரத்திலேயே நிறுத்திவிடுமா என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

இம்முறை புதிதன்று. 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. பின்னர் மதுரை, அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களும் அவ்வழியை மேற்கொண்டன. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

முதலில் நன்மைகளைக் கூறுவேன். குடும்பச் சுமையால் படிப்பை நிறுத்தி ஆலைக்கும் கட்டட வேலைக்கும் சென்றவர்கள், மணமாகிப் பிள்ளை பெற்ற பெண்கள், பணியிலிருந்துகொண்டே பதவி உயர்வை நாடுவோர் ஆகியோர்க்கு இது அடைபட்ட கதவைத் திறந்துவிடுகிறது. வயது தடையில்லை, கூலியை இழக்க வேண்டியதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலை பார்க்கும் மாணவர்க்கென்றே காலை வகுப்புகளை அமைத்தார். உழைப்போரைக் கல்வி தேடிச் செல்லவேண்டும் என்னும் அந்நோக்கம் இம்முறையிலும் உண்டு. முறையான ஏற்புடன் பெறும் தொலைநிலைப் பட்டம் கல்லூரிப் பட்டத்திற்கு நிகரானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியும் உள்ளது.

ஆயினும் குறைகள் சிறியவையல்ல. வீட்டில் படித்தவர் ஒருவர் இருந்தால், புரியாத பாடத்தை அவரிடம் கேட்கலாம். குடும்பத்தின் முதற்பட்டதாரியாக வரவிருக்கும் நம் பிள்ளை யாரைக் கேட்பான்? தபாலில் வந்த புத்தகக் கட்டு பிரிக்கப்படாமலே பரணில் கிடக்கும் வீடுகள் நம் தெருக்களில் உண்டு. ஆசிரியர், நூலகம், விடுதி, பிற சமூகத்து நண்பர்கள், நாலுபேர் முன்னே எழுந்து பேசும் துணிவு ஆகியவை தபாலில் வருவதில்லை. ஒரே பெஞ்சில் சமமாக அமரும் உரிமைக்காக நம் முன்னோர் போராடினர். அந்த பெஞ்சை நாமே காலியாக விட்டுவிடலாகாது.

ஏமாற்றமும் உண்டு. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதலின்றி அஞ்சல்வழி பொறியியல் பட்டங்களை வழங்கின. 2001–2005 கல்வியாண்டுகளுக்குப் பின் அவ்வாறு சேர்ந்தோரின் பட்டங்களை உச்சநீதிமன்றம் 2017 நவம்பரில் ரத்து செய்தது. கழிந்த ஆண்டுகள் மாணவர்க்கே இழப்பாயின.

ஆதலின் மூன்று செய்திகளை வலியுறுத்த விரும்புகிறேன்.

ஒன்று: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை முதலில் கல்லூரிக்கே அனுப்புங்கள். ஆதிதிராவிடர்க்குரிய 18 விழுக்காடு இடஒதுக்கீடும், கல்வி உதவித்தொகையும், நலத்துறை விடுதியும் அதற்காகவே போராடிப் பெறப்பட்டவை. ‘பெண்பிள்ளைதானே, தபாலில் ஒரு பட்டம் போதும்’ என்று சொல்லும் பெற்றோர் சிந்திக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்வி பெற மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டபோது, அஞ்சல்வழி பயில்வோர் அதில் சேர்க்கப்படவில்லை.

இரண்டு: தொலைநிலையில் சேர்வோர், அப்பல்கலைக்கழகத்திற்கும் அப்பாடத்திற்கும் அவ்வாண்டில் மானியக் குழுவின் ஏற்பு உள்ளதா என்று அறிந்த பின்னரே பணம் கட்ட வேண்டும். மருத்துவம், பொறியியல், சட்டம், செவிலியர் கல்வி முதலியவற்றைத் தொலைநிலையில் நடத்த அக்குழுவின் விதிகள் இடம் தருவதில்லை.

மூன்று: தனியே படிப்பவர்க்குச் சங்கம் துணை நிற்க வேண்டும். ஞாயிறுதோறும் நம் படிப்பகத்தில் அவர்கள் கூடட்டும். பட்டம் பெற்றவர் இரண்டு மணி நேரமேனும் அவர்களுக்குப் பாடம் சொல்லட்டும். முடித்தவரின் புத்தகங்கள் அடுத்தவர்க்குச் சேரட்டும்.

தபாலில் வரும் கல்வியையும் கூடிப் படித்தால் தொலைவு குறையும். கால் நூற்றாண்டு கண்ட நம் சங்கம் இப்பணியை இவ்வாண்டே தொடங்குமாறு வேண்டி அமைகிறேன்.