ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குச் சில சொற்கள்



1780ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளியில், வாரமெல்லாம் உழைத்த ஏழைச் சிறுவர் வேதத்தோடு எழுத்தும் கற்றனர். வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் அவ்விரண்டும் வேண்டும்.

இரயில்வே எழுத்தனாகிய நானும் ஞாயிறுதோறும் பாடம் நடத்துபவன். ஒருநாள் ஒரு சிறுவனைத் தமிழ் வேதம் வாசிக்கப் பணித்தேன். எழுத்தறியாது திகைத்தான், பிறர் நகைத்தனர். மறுவாரம் அவன் வரவில்லை. இல்லம் தேடிச் சென்று, "பிழை என்னுடையது, தம்பி" என்றேன். திரும்பி வந்தான்.

ஆதலின் ஆசிரியர்களே, பாடத்தைச் சனி இரவுக்குத் தள்ளாதீர்கள். கதையைச் சொல்லி, பிள்ளைகள் வாயால் திரும்பக் கேளுங்கள். வாரம் ஓர் எழுத்தேனும் கற்பியுங்கள். வராத பிள்ளையைத் தேடிச் செல்லுங்கள். காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிய மேய்ப்பனே நமக்கு முன்மாதிரி.