பழைய லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போடும் முன்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

உங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். பிள்ளைக்கு அரசு கொடுத்ததாகக்கூட இருக்கலாம். 2011-ல் அந்த இலவசத் திட்டம் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

இப்போது அதற்கு வேளை வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது. இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அப்டேட் வராத கணினியில் பேங்க் பாஸ்வேர்டை அடிக்க எனக்குத் துணிவில்லை.

லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை இருக்கிறது. பணம் கிடையாது. ராம் 2 ஜிபி இருந்தால் ஓடும், 4 இருந்தால் சிரமமில்லை. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைக் கிளப்புங்கள். லெனோவோ, டெல்லில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. இந்த நிலையில் ஹார்ட்டிஸ்கில் எதுவும் மாறாது. வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று அரை மணி நேரம் சோதித்துப் பாருங்கள். சரிப்படவில்லையென்றால் பென்டிரைவை எடுத்துவிடலாம், பழையபடியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்து கணக்குப் பார்ப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் மக்கர் பண்ணலாம். அந்தக் கணினியைத் தொடவே வேண்டாம். ரொம்ப ஆசையாக இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இடம் பிரிக்கும்போது கை தவறினால் மொத்தமும் போய்விடும். முதலில் போட்டோ, பத்திர ஸ்கேன், எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள். பழைய தமிழ்க் கடிதங்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்தவையென்றால் அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். இல்லையென்றால் திறக்கும்போது வெறும் கிறுக்கலாகத் தெரியும். புதிதாக அடிக்க, தமிழ்99 விசைப்பலகையை லினக்ஸிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: மந்தத்துக்குப் பாதிக் காரணம் சுழலும் ஹார்ட்டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், நான் சொல்வதைவிட அதுவே அதிகம் வேகம் கொடுக்கும்.

செய்து பார்க்க விரும்புவோர் லேப்டாப்போடு சார்ஜரையும் கொண்டு வாருங்கள். பழைய பேட்டரியை நம்பி ஆரம்பித்தால் பாதி இன்ஸ்டாலில் அணைந்துவிடும்.