வாரத்திற்கு ஒரு நாள்



சோரியாசிஸ் என்னும் தோல் வியாதியைப் பூர்வஜென்ம பாவம் என்பாரும், சர்ப்ப தோஷம் என்பாரும், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பாரும் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். இது பாவமுமல்ல, தோஷமுமல்ல, ஒட்டுவதுமல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நெறி தவறுவதால், தோல் அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்து செதில் செதிலாய் உதிருகிறது. அவ்வளவே சங்கதி.

வியாதி முற்றி, பூச்சு மருந்துக்கு அடங்காதபோது வைத்தியர்கள் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் (1895-1948) தலைமையில் வேலை செய்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தார் ஆக்கிய மருந்து இது. எந்தச் சாமியும் கொடுத்ததல்ல; மனிதன் மூளையால் கண்டது. ஆகவே உண்பவனும் மூளையைச் செலுத்தித்தான் உண்ண வேண்டும்.

சோரியாசிஸுக்கு இம்மாத்திரை வாரத்தில் ஒரு நாள்தான், தினந்தோறும் அல்ல. நமக்குத் தெரிந்த தோழரொருவர், "வாரம் ஒரு தரத்துக்கே இவ்வளவு குணமென்றால் தினமும் தின்றால் எவ்வளவு!" என்று தாமே கணக்குப் போட்டுத் தின்றார். சில நாளில் வாயெல்லாம் புண், கடும் ஜுரம், ரத்த அணுக்கள் குறைவு. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். வீட்டார் குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டார்கள்! இப்படித் தின்று மாண்டவர்களும் உண்டு.

எந்தக் கிழமை நல்லது என்பீர்கள். ராகுகாலமும் வேண்டாம், எமகண்டமும் வேண்டாம். மறக்காத கிழமையே நல்ல கிழமை. அதை மருந்துச் சீட்டில் எழுதி வாங்குங்கள். போலிக் அமில மாத்திரையை வைத்தியர் சொன்ன நாளில் போடுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

இம்மருந்து எலும்பு மஜ்ஜையையும் ஈரலையும் தாக்கக்கூடும். சிறுநீரகம் பழுதானால் உடம்பிலேயே தங்கி விஷமாகும். ஆதலால் ரத்தப் பரிசோதனை வீண் செலவல்ல. குடி கூடாது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. பிள்ளை வேண்டுவோர், ஆணாயினும் பெண்ணாயினும், முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வலி மாத்திரையோ வேறு மருந்தோ கேளாமல் சேர்க்காதீர்கள். குறிப்பாக, டிரைமெதோபிரிம் கலந்த மருந்து இதோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. வாய்ப்புண், ஜுரம், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் கண்டால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே வைத்தியரிடம் ஓடுங்கள்.

மாத்திரையைக் கண்ணை மூடி நம்புவதும் மூடநம்பிக்கையே. நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்; உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.