காஞ்சிக்கு வந்த இலங்கை இளவரசன்

அனகாபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது பல்லாவரம் மலை. அங்கே குடைந்த குகையில் மகேந்திரவர்ம பல்லவனின் விருதுப்பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவன் மகன்தான் 642-இல் வாதாபியை வென்ற நரசிம்மவர்மன், நம் மாமல்லன். வாதாபி வெற்றி பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த மன்னனின் அவைக்கு நாடிழந்து வந்த மானவர்மனைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

இலங்கை மன்னன் இரண்டாம் காசியப்பனின் மகன் மானவர்மன். அரியணை வேறு கைக்குப் போனதும் கடல் கடந்து காஞ்சிக்கு வந்தான். வந்தவுடன் படை கேட்டு நிற்கவில்லை. மன்னனிடம் சேவகத்தில் அமர்ந்தான். மனைவி சங்கையும் பின்னால் வந்து சேர்ந்தாள்.

சூளவம்சம் என்ற இலங்கை வரலாற்று நூல் ஒரு செய்தி சொல்கிறது. வல்லபன் என்னும் பகைமன்னன் படையெடுத்தபோது, "நாட்டை மீட்க நம்மை நம்பி வந்தவன் போரில் மாண்டுபோனால் என்ன பயன்?" என்று எண்ணிய நரசிம்மன், மானவர்மனை ஊரிலேயே விட்டுச் சென்றான். இவனுக்கோ மனம் பொறுக்கவில்லை. மன்னனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தான் உயிரோடிருந்து என்ன என்று படை திரட்டிக்கொண்டு பின்தொடர்ந்து போனான். இருவரும் சேர்ந்து பகைவரை விரட்டினார்கள்.

இன்னொரு நாள் தாகத்துக்கு இளநீர் அருந்திய மன்னன், மீதியை மானவர்மனிடம் நீட்டினான். நண்பனின் எச்சில் எனக்கு இழிவாகாது என்று அவன் குடித்தான். அவன் குடித்த மீதியை மன்னனும் வாங்கிப் பருகினான். பேரரசனும் நாடிழந்தவனும் சமமாக நின்ற இந்த இடம்தான் எனக்கு வாதாபியைவிடப் பெரிது.

முதல் படையெடுப்பு கைகூடவில்லை. மன்னன் நோயுற்றான் என்று கேள்விப்பட்ட பல்லவப் படை பாதியில் திரும்பிவிட்டது. மானவர்மன் மீண்டும் காஞ்சியில் பல ஆண்டுகள் காத்திருந்தான். மறுமுறை, மன்னனே வருகிறான் என்று வீரர்கள் நம்பிக் கப்பலேற வேண்டும் என்பதற்காக, நரசிம்மன் தன் அரச அணிகளையே அவனுக்குப் பூட்டி அனுப்பினானாம். காலக்கணக்கில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மாமல்லனின் இலங்கை வெற்றியை நம் காசக்குடிச் செப்பேடும் சொல்கிறது.

684-இல் மானவர்மன் அனுராதபுரத்தில் முடிசூடினான். அவன் தொடங்கிவைத்த அரசமரபு, 1017-இல் ராஜேந்திர சோழனின் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடிக்கும் வரை நீடித்தது.